காலியாக விட்ட வட்டம்

டெல்பர்ட் ஹோஃப்லருக்கு கேலன் மாண்டர்ஸைப் பிடிக்காது. பிடிக்காது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். கேலனின் பெயரை யாராவது எடுத்தால் போதும், டெல்பர்ட்டுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வரும். காரணம் ஹால்டன் கவுண்டி முழுக்கத் தெரிந்த விஷயம். டெல்பர்ட்டின் மனைவி மார்லிஸ் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இரண்டு வருஷம் கேலனோடு சுற்றியவள். கடைசி வருஷ நடன விருந்துக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனவள். அப்புறம் அவன் ராணுவத்துக்குப் போனான். இவள் டெல்பர்ட்டைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பெண்களைப் பெற்றாள், அவர்களையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் முடிந்துதான் போனது. டெல்பர்ட்டுக்கு மட்டும் முடியவில்லை.

கேலன் ராணுவத்திலிருந்து திரும்பி வந்து விதைச்சோள வியாபாரம் தொடங்கினான், வீடு கட்டினான், சாலை, வரி எல்லாம் பார்க்கிற கவுண்டி போர்டுக்கு மெம்பர் ஆனான். அதையெல்லாம்கூட டெல்பர்ட் பொறுத்துக்கொண்டிருப்பான். அறுபதை நெருங்குகிற வயதில் அவன் தலையில் ஒரு முடி உதிரவில்லையே, அதை எப்படிப் பொறுப்பது? தன் வழுக்கையைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு டெல்பர்ட் சர்ச் கூடத்து மீன் விருந்தில் உட்கார்ந்திருப்பான். கேலன் தட்டும் கையுமாக வந்து, "என்ன மார்லி, எப்படி இருக்க?" என்பான். மார்லி! ஊரே மார்லிஸ் என்று முழுசாகக் கூப்பிடுகிற பொம்பளையைப் பாதியாகக் கூப்பிட இவன் யார்? டெல்பர்ட்டும் ஒரு நாள் வீட்டில் "மார்லி" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அவள் அடுப்பிலிருந்து திரும்பி, "குடிச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

இத்தனை எரிச்சலுக்கும் அவனுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அது தேர்தல். டெல்பர்ட் பரம்பரைக் குடியரசுக் கட்சி. கேலன் ஜனநாயகக் கட்சி. அயோவா மாநிலத்தில் அப்போது வாக்குச்சீட்டின் தலையிலேயே கட்சிக்கு ஒரு வட்டம் இருக்கும். அந்த மேல் வட்டத்தை நிரப்பிவிட்டால் கீழே இருக்கிற அத்தனை பதவிக்கும் அந்தக் கட்சி ஆளுக்கே ஓட்டு. டெல்பர்ட்டின் அப்பா அப்படித்தான் போட்டார், டெல்பர்ட்டும் அப்படித்தான் போட்டான். உள்ளே போவான், மேல் வட்டத்தைக் கறுப்பாக நிரப்புவான், வெளியே வருவான். தொப்பியைக்கூடக் கழற்ற மாட்டான். கட்சிக்குப் போட்ட மாதிரியும் ஆச்சு, கேலனைக் குத்தின மாதிரியும் ஆச்சு. அப்படியும் கேலன் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தான் என்பது வேறு சங்கதி.

அப்புறம் கவுண்டி மாறிப்போனது. ஏன் மாறியது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இறைச்சித் தொழிற்சாலையை மூடினார்கள், அதோடு யூனியனும் போயிற்று என்பார்கள். பெரிய ஊர்க்காரர்களுக்கு நம்மைக் கண்டால் இளக்காரம் என்பார்கள். பாதிரியார் பிரசங்கம் என்பார்கள், டிவி என்பார்கள். எதுவோ ஒன்று. தாத்தா காலத்திலிருந்து ஜனநாயகக் கட்சிக்குப் போட்ட குடும்பமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இந்தப் பக்கம் சாய்ந்தது. கேலன் முட்டாளா என்ன? காற்று அடிக்கிற திசையைப் பார்த்தான், கவுண்டி அலுவலகத்துக்குப் போனான், கட்சியை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அந்த வருஷம் குடியரசுக் கட்சி வரிசையில் அவன் பெயர் அச்சாகியிருந்தது. எதிர்த்து நிற்க ஜனநாயகக் கட்சிக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

டெல்பர்ட் கொதித்துப் போனான். தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் ரோவீனா நடத்துகிற காபிக் கடையில் மேஜையைத் தட்டினான்.

"நாப்பது வருஷமா நான் இருக்கிற கட்சிடா இது! இவன் பாட்டுக்கு உள்ள வந்து உக்காந்துக்குவானா?"

லாம்பர்ட் அவனுடைய பக்கத்துத் தோட்டக்காரன், வாய்த்துடுக்கில் ஊருக்கே பெரியவன். "ஏன்டா கத்துற?" என்றான். "அவன்கூடச் சுத்தின பொண்ணை நீ கட்டிக்கிட்ட. உன் கட்சியை அவன் எடுத்துக்கிட்டான். கணக்கு நேராப் போச்சு, விடு."

கடையே சிரித்தது. டெல்பர்ட் சிரிக்கவில்லை. "கேலன் பேருக்கு நேரா இருக்கிற வட்டத்தை என் பேனா தொடாது. காலியாத்தான் விடுவேன். எல்லாரும் கேட்டுக்கங்க" என்று சபதம் போட்டுவிட்டு எழுந்து போனான்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது சாலைக்குப் போடுகிற சரளைக்கல். டெல்பர்ட் வீட்டுக்கு முன்னால் போகிற மண்சாலை மழை பெய்தால் சேறும் உளையுமாகிவிடும். மூன்று வருஷமாகக் கவுண்டி அலுவலகத்துக்குப் போன் போட்டுப் போட்டு அவனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தச் செப்டம்பரில் ஒரு நாள் மார்லிஸ் பள்ளிக்கூடத்துச் சமையல் வேலையிலிருந்து திரும்பும்போது அவள் கார் அந்த உளையில் சிக்கியது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவினாள், கேலனுக்கு நேராகப் போன் போட்டாள். அந்த வாரமே லாரி லாரியாகச் சரளை வந்து இறங்கியது.

"அவன்கிட்ட என்ன சொன்ன?" என்று டெல்பர்ட் கேட்டான்.

"சரளை வேணும்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அப்புறம் தேங்க்ஸ் சொன்னேன்."

"நான் மூணு வருஷமாக் கேட்டேன். எனக்கு ஒரு கூடை போடல."

"நீ கேக்கல, டெல்பர்ட். நீ திட்டின."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் பொறாமை பிடித்தவன் காதில் நியாயம் ஏறுமா? அன்றிலிருந்து அவன் அந்தச் சாலையில் வண்டி ஓட்டவில்லை. கேலன் போட்ட கல்லில் என் சக்கரம் உருளாது என்று சோளக்காட்டு வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போனான். ஒரு மழைநாளில் அவனுடைய பிக்கப் வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கி, லாம்பர்ட் டிராக்டர் கொண்டுவந்து இழுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையை லாம்பர்ட் காபிக் கடையில் எத்தனை நாள் ஓட்டியிருப்பான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபரில் இன்னொன்று நடந்தது. அறுவடை முடித்து வீட்டுக்கு வந்த டெல்பர்ட், தன் வீட்டு வாசலுக்கு எதிரே கேலனின் தேர்தல் பலகை நட்டிருப்பதைப் பார்த்தான். பலகையில் கேலன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யாரு வெச்சா இதை?"

"அவரே வந்து வெச்சார். கேட்டார், சரின்னேன். அது கவுண்டி நிலம்தானே, நாம வேண்டாம்னு சொல்ல என்ன இருக்கு?" என்றாள் மார்லிஸ்.

"உள்ள வந்தானா?"

"காபி குடிச்சார்."

காபி! டெல்பர்ட் அந்தப் பலகையைப் பிடுங்கிப் பன்றிக் கொட்டகைக்குள் வீசினான். வீசிவிட்டு வந்து, கழுவி வைத்திருந்த இரண்டு காபிக் கோப்பைகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கோப்பையில் அவன் குடித்தான்? எந்த நாற்காலியில் உட்கார்ந்தான்? அவன் ஏதாவது சொல்ல, அவள் சிரித்திருப்பாளோ? இப்படி ஒரு மனுஷன் தன்னைத்தானே வறுத்துக்கொண்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன செய்ய முடியும்? தன்னிடம் அவள் கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தாள் என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. அது அவனை இன்னும் சுட்டது.

அப்போதுதான் அவன் மனசில் அந்த விபரீதம் புகுந்தது. தேர்தலன்று பார்த்துவிடலாம். மார்லிஸ் கேலனுக்கு ஓட்டுப் போட்டால் அவள் மனசு இன்னும் அங்கேதான் இருக்கிறது. போடாவிட்டால் இங்கே இருக்கிறது. இத்தனை வருஷக் குடித்தனத்தை ஒரு சின்ன வட்டத்தில் கொண்டுபோய் அடைத்தான் அந்தப் பைத்தியக்காரன்.

தேர்தல் நாள் நல்ல குளிர். இருவரும் சர்ச் கூடத்துக்கு ஓட்டுப் போடப் புறப்பட்டார்கள். மார்லிஸ் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். அவள் ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்படித்தான் போவாள். டெல்பர்ட் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தான்.

"யாருக்காக இந்த அலங்காரம்?"

"ஓட்டுப் போடப் போறோம், டெல்பர்ட். பன்றிக்குத் தீனி போடவா போறோம்?"

வண்டி வரப்பு வழியாகக் குலுங்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்து டெல்பர்ட், "கேலன் வட்டத்தை நான் காலியா விடப்போறேன். நீயும் விட்டுடு" என்றான்.

"என் ஓட்டு என்னுது."

"அப்ப அவனுக்குத்தான் போடப்போற."

"அதை நீ கேக்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது. அதுக்குத்தானே அங்க தட்டி கட்டி வெச்சிருக்காங்க" என்றாள் அவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

கூடத்தில் லாம்பர்ட்டின் மனைவி டார்லீன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டெல்பர்ட் தட்டி மறைவுக்குப் போனான். கை பழக்கத்தில் மேல் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பியது. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, கீழே தேடிக்கொண்டு போனான். கேலன் மாண்டர்ஸ். பெயருக்கு நேரே வெள்ளையாக ஒரு வட்டம். அதைத் தொடாமல் பேனாவை எடுத்துவிட்டான். பகைவனின் முகத்தில் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது அவனுக்கு. சீட்டை ஓட்டு எண்ணும் இயந்திரத்தில் விட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான்.

மார்லிஸ் வரவில்லை. அவளுக்கு எப்போதுமே நேரமாகும். அவள் மேல் வட்டத்தைத் தொடமாட்டாள், ஒவ்வொரு பெயராகப் படிப்பாள், யாருக்குமே தெரியாத நீதிபதிகளின் பெயரைக்கூட விடமாட்டாள். டெல்பர்ட்டுக்கு இது தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, அவன் பேரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா, பழசையெல்லாம் நினைச்சுக்கிட்டு நிக்கிறா என்று வெந்துகொண்டிருந்தான். கடைசியில் அவள் வந்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"ஏன் சிரிக்கிற?"

"சிரிக்கக் கூடாதா?" என்றாள் மார்லிஸ். அந்தச் சிரிப்பு அடங்கவேயில்லை.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் டெல்பர்ட்டால் அடக்க முடியவில்லை. "ஒரே ஒரு கேள்வி. காலியா விட்டியா, இல்லையா?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "விடல."

போதாதா? அத்தனை வருஷத்து நஞ்சும் அவன் தொண்டைக்கு வந்துவிட்டது. "என் வீட்டுல குடித்தனம், அவன் வீட்டுல மனசு! அப்படித்தானே? அன்னிக்கு அந்தச் சரளைக்கு விலையா என்னடி குடுத்த?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான். சொன்ன நிமிஷமே அவனுக்குத் தெரிந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? மார்லிஸ் முள்கரண்டியைத் தட்டின்மேல் வைத்தாள். தட்டிலிருந்ததை நாய்க்குக் கொட்டிவிட்டு, மாடியில் பெரிய பெண்ணின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை டெல்பர்ட் பன்றிகளுக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வந்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். காபி போடவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் காபி போடாமல் போனது அன்றுதான். காலி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை, ரோவீனா கடைக்கு வண்டியை விட்டான்.

கதவைத் திறந்ததுமே லாம்பர்ட் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். "வாங்கய்யா, வேட்பாளரே! கேலன் மாண்டர்ஸை எதிர்த்து நின்ன ஒரே ஆம்பளை! ரோவீனா, தலைவருக்கு ஒரு காபி!"

"காலங்காத்தால என்னடா உளறுற?"

"நான் ஏன் உளறுறேன்? சர்ச் கூடத்துக் கதவுல ரிசல்ட் ஒட்டியிருக்கு, போய்ப் பாரு. நம்ம பூத்துல விழுந்த ஓட்டெல்லாம் கேலனுக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கீழ, வேற ஆளு பேரை எழுதிக்கலாம்னு விட்டிருக்கிற காலிக் கோட்டுல பேர் எழுதிப் போட்டிருக்கு. டெல்பர்ட் ஹோஃப்லர்! டார்லீன்தான் சத்தமா வாசிச்சு எழுதிக்கிட்டா. தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கிட்டு வந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

"நான் எழுதல."

"ஆமா, எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல!"

"சத்தியமா எழுதலடா! நான்தான் காலியா விடுவேன்னு இங்கயே சொன்னேனே. காலியாத்தான் விட்டேன்."

"காலியா ஒண்ணுகூட இல்லையே" என்றான் லாம்பர்ட். "அதையும் போட்டிருக்காங்க அந்தப் பேப்பர்ல. அந்தப் பதவிக்கு ஓட்டுப் போடாதவங்க யாருமே இல்லைன்னு."

"இல்லாம எங்க போகும்? என் கையால விட்டேன்."

லாம்பர்ட் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மேல் வட்டத்தை என்ன பண்ணின?"

"அதை நிரப்பாம இருப்பேனா? என்னை யாருன்னு நினைச்ச?"

லாம்பர்ட் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "அட மண்டூகமே! மேல் வட்டத்தை நிரப்பிட்டுக் கீழ காலியா விட்டா, அது தானா உன் கட்சி ஆளுக்குத்தானே போகும்? உன் கட்சி ஆளு யாரு? கேலன்! நீயே அவனுக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்கடா!"

நாற்பது வருஷம் அந்த வட்டத்தை நிரப்பியவனுக்கு, அது என்ன செய்யும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் தன் கட்சிக்காரன் ஒருவனை வெறுக்க வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததேயில்லை. ஒருத்தனை மட்டும் ஒதுக்கினால் ஒதுங்கிவிடுவான் என்று நினைத்துக்கொண்டான். வெறுப்பில் அவனுக்கு மூளை வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

ரோவீனா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். டெல்பர்ட் அதைத் தொடவில்லை. "அப்ப என் பேரை எழுதினது யாரு? நீயா? கேலிக்கு எழுதினியா?" என்றான்.

"நானா? உன்னை நாய் பிடிக்கிற வேலைக்குக்கூட எழுத மாட்டேன்" என்றான் லாம்பர்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இந்த ஊரில் வேறு யார் எழுதுவார்கள்? ஒவ்வொரு முகமாக மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தான். ஒருத்தரும் தேறவில்லை. பெயர் பெயராகப் படித்து, நேரமெடுத்து ஓட்டுப் போடுகிறவள் ஒருத்திதான். காலியா விடல என்றாளே. பொய் சொல்லவில்லையே அவள். டெல்பர்ட்டுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நாற்காலி பின்னால் சரிய எழுந்தான். லாம்பர்ட் இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான், காதில் விழவில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் உள்ளே போனான். மார்லிஸ் தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, பக்கத்தில் இலவங்கப்பட்டை மணக்கிற ஓர் இனிப்பு ரொட்டியையும் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டேந்திய பிள்ளைகள் சுவரோரமாக நீளமாக நின்றார்கள். டெல்பர்ட் வரிசையைத் தாண்டி நேரே அவளுக்கு எதிரில் போய் நின்றான்.

"மார்லிஸ்."

அவள் நிமிரவில்லை. "வரிசையில நிக்கணும்."

"நான் கேலனுக்கு ஓட்டுப் போட்டுட்டேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. அவன் மேல் வட்டத்தையும் காலி வட்டத்தையும் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தான். அவள் முகத்தில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை.

"என் பேரை எழுதினது நீதானே?" என்றான், குரலைத் தாழ்த்தி.

"ஆமா."

"ஏன்?"

"அங்க ஒரே ஒரு பேர்தான் அச்சடிச்சிருந்தது. கீழ ஒரு கோடு காலியா இருந்தது. இந்தக் கவுண்டியில யாரு பொய் சொல்ல மாட்டா, யாரு ஒத்தப் பைசா தொடமாட்டான்னு யோசிச்சுப் பார்த்தேன். உன் பேர்தான் வந்தது. எழுதினேன். நீ போர்டுல உக்காந்து எல்லாரையும் திட்டுறதை நினைச்சேன், சிரிப்பு வந்துடுச்சு." அவள் அடுத்த பிள்ளையின் தட்டில் ஊற்றினாள். "அந்தச் சிரிப்புக்குத்தான் நேத்து அப்படிக் கேட்ட."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அத்தனை பிள்ளைகளும் அவன் வழுக்கையைப் பார்த்தார்கள். "தப்புதான், மார்லிஸ். பெரிய தப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வருவியா?"

"வருவேன். வேற எங்க போறது? எனக்கு ஓட்டு அங்கதான் இருக்கு." அவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "ஆனா ஒண்ணு கேட்டுக்க, டெல்பர்ட். உன்னைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் அந்த மனுஷனை ஒரு நாள்கூட நினைச்சதில்ல. தூங்கும்போது, சாப்பிடும்போது, வண்டி ஓட்டும்போது, விடாம அவனையே நினைச்சுக்கிட்டு இருந்தது நீ. நம்ம ரெண்டு பேர்ல அவன்கூடக் குடித்தனம் பண்ணினது யாரு?"

பின்னால் நின்ற பிள்ளைகள் பசியில் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். மார்லிஸ் அவனுக்கும் ஒரு தட்டில் சில்லி ஊற்றித் தள்ளிவிட்டு, அடுத்த பிள்ளையைப் பார்த்து, "நீ வாடா கண்ணு" என்றாள்.